குளிருக்கு இறுகிய கதவு

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் கனடாவின் மொன்றியல் தமிழ்ப் பெண்களுக்குக் கார்க் கதவு திறந்துவிடும் ஆண் என்று ஒருவர்தான் இருந்தார். அவருடைய பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இந்த ஊரில் பாதிப் பேருக்கு ஆளைத் தெரிந்துவிடும். மிச்சப் பாதிப் பேர் அவருக்குச் சொந்தக்காரர்.

கார் நின்றதும் இறங்குவார். காற்சட்டையை ஒருமுறை மேலே இழுத்துவிடுவார். முன்பக்கத்தால் சுற்றி வந்தால் தூரம் குறைவு. ஆனாலும் பின்பக்கத்தால்தான் வருவார். முன்பக்கத்தால் வருகிறவன் சாரதி, பின்பக்கத்தால் வருகிறவன் மரியாதை தெரிந்தவன் என்று அதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார். கைக்குட்டையால் கதவுப் பிடியைத் துடைப்பார். பிறகு கதவைத் திறந்து ஒதுங்கி நின்று, "இறங்குங்கோ பிள்ளை" என்பார். உள்ளே இருந்து இறங்குவது, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்கப் போகிற நாலு பெண்கள். காலில் பனிச் சப்பாத்து, கையில் சோற்றுப் பெட்டி. மகாராணி மாதிரி இறங்க எங்களுக்குப் பழக்கம் இல்லை. கொஞ்ச நாளில் பழகிக்கொண்டோம்.

அந்தக் காரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிரவுன் விக்டோரியா. அவர் விக்டோரியா என்று மட்டும்தான் சொல்லுவார், வீட்டில் இன்னொரு பெண் இருப்பதைப் போல. எட்டு சிலிண்டர். பெற்றோலுக்கு விலை உண்டு என்று அமெரிக்கர்களுக்கு யாரும் சொல்லாத காலத்தில் யோசித்த கார். கோட்-டே-நேஜ் பகுதியில் எங்கள் தெருவில் அதை நிறுத்துவதென்றால் இரண்டு கார்கள் எழும்பிப்போன இடம் வேண்டும்.

ஏலத்தில் எடுத்தது. கூரையில் சுழல் விளக்குப் பூட்டியிருந்த நாலு ஓட்டைகளையும் அடைத்துப் பூச்சுப் பூசியிருந்தார். கதவில் முன்பு ஒட்டியிருந்த எழுத்துகளை உரித்தாயிற்று. ஆனால் வெயில் சரிந்து படுகிற நேரம் அவற்றை எழுத்துக் கூட்டி வாசிக்கலாம். சாரதிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு தேடுவிளக்கு அப்படியே இருந்தது. இவ்வளவு இருந்தும் அவர் வாயிலிருந்து பொலிஸ் என்ற சொல் ஒருநாளும் வந்ததில்லை. "அரசாங்கத்தின்ர கார். ஒரே கையில இருந்தது. சேர்விஸ் ஒண்டும் தவறேல்லை" என்பார்.

முன் சீற்றுக்கும் பின் சீற்றுக்கும் நடுவில் தடித்த பிளாஸ்ரிக் தடுப்பு ஒன்று இருந்தது. அதில் ஒரு கை மட்டும் போகக்கூடிய சின்னச் சாளரம். வேறு யாராவது வாங்கியிருந்தால் முதல் நாளே கழற்றி எறிந்திருப்பார்கள். அவர் அதற்கு மெரூன் நிறத்தில் திரை தைத்துப் போட்டார். மேலே மாதா படம் ஒட்டினார். கரை முழுக்கப் பிளாஸ்ரிக் மல்லிகை சுற்றினார். எங்கள் வீட்டு ஆண்களுக்கு அந்தத் தடுப்பு மிகவும் பிடித்துப்போனது. பிறத்தி ஆம்பிளையின் காரில் மனைவி வேலைக்குப் போகிறாளே என்று நித்திரையில்லாமல் கிடந்தவர்கள், தடுப்பை ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போய்க் குறட்டை விட்டார்கள். கள்ளர்களுக்காகச் செய்த கூடு எங்கள் குடும்ப மானத்துக்கு இவ்வளவு அளவாக இருக்கும் என்று அதைச் செய்தவர்கள் நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

முன் சீற்றில் பெண்கள் இருப்பதில்லை. அது எங்கேயும் எழுதிவைக்காத சட்டம். அங்கே அவருடைய தேநீர்ப் போத்தலும் தோய்த்து மடித்த கோட்டும் வசதியாக இருந்து வரும். பின்னால் நாங்கள் நாலு பேரும் ஒருவர் மடியில் ஒருவர் பாதியாக இருந்து வருவோம். அவர் சுற்றி வந்து சேர்வதற்கு முன் யாராவது கதவுப் பிடியில் கை வைத்தால் கண்ணாடிக்கு வெளியே நின்று விரலை ஆட்டுவார்.

"குளிருக்கு இறுகிப்போய் இருக்கு பிள்ளை. நான் திறக்கிறன்."

மொன்றியலில் வருடத்தில் ஆறு மாதம் எல்லாமே இறுகித்தான் இருக்கும். நம்பினோம். மிச்ச ஆறு மாதம் யாரும் கை வைக்கவில்லை. அதற்குள் பழகிவிட்டதே.

அவருடைய புகழ் பண்டகசாலையோடு நிற்கவில்லை. எங்கள் நாலு பேரில் ஒருத்தி, நல்ல வாய்க்காரி, ஒரு கலியாண வீட்டுக்குப் புருஷனுடைய காரில் போனாள். புருஷன் காரை நிறுத்தி இறங்கி மண்டபத்துக்குள் போய்விட்டார். போனவர் முதல் பந்தியில் சாப்பிட்டு, ஐஸ்கிறீமும் முடிந்த பிறகுதான் மனைவியைக் காணவில்லை என்று கண்டுபிடித்தார். வந்து பார்த்தால் கூறைச் சேலையோடு காருக்குள் அப்படியே இருக்கிறாள்.

"ஏனப்பா இறங்கேல்லை?"

"கதவு திறபடேல்லை."

"பூட்டே போட்டுக்கிடக்கு?"

"பூட்டில்லை. திறக்க ஆளில்லை."

அந்த வருடம் மொன்றியலில் பல புருஷர்மார் கார்க் கதவு திறக்கப் பழகினார்கள். இரண்டு வாரம் திறந்தார்கள் என்று கேள்வி.

சனி ஞாயிறுகளில் விக்டோரியா கலியாணங்களுக்கும், பெரியபிள்ளையான சடங்குக்கு வைக்கிற சாமத்தியவீடுகளுக்கும் போகும். முன் மூடியில் ரிபன் கட்டுவார். ஒரு சாமத்தியவீட்டில் ரொறன்ரோவிலிருந்து வந்த தாய்மாமன், பிள்ளையைக் காரிலிருந்து தான்தான் இறக்க வேண்டும் என்று கதவுப் பிடியில் கை வைத்தார். நம்முடைய ஆள் அந்தக் கைக்கு மேலே தன்னுடைய கையை வைத்தார்.

"நான் பிள்ளையின்ர தாய்மாமன்."

"இருக்கலாம். என்ர காரில கதவு நான்தான் திறக்கிறது."

வீடியோக்காரர் இரண்டு பேரையும் சேர்ந்து பிடிக்கச் சொன்னார். இரண்டு பேரும் விடவில்லை, இரண்டு பேரும் இழுக்கவும் விடவில்லை. அந்த வீடியோவில் இரண்டு பெரிய ஆம்பிளைகள் ஒரு கதவோடு மல்லுக்கட்டுவதைக் கனநேரம் பார்க்கலாம். சாமத்தியப்பட்ட பிள்ளை கடைசியில் கொஞ்ச நேரம் வருகிறாள்.

நான் அந்த நாலு பேரில் வலது ஓரம். கதவுக்குப் பக்கத்தில் இருந்தேனே தவிர, என்னிடம் எந்த உபயோகமும் இல்லை. பத்தாம் வகுப்புவரை படித்தேன். அதில் பத்து வசனம் உரத்துப் பேசியிருந்தால் அதிகம். பஸ்ஸில் மணி அடிக்க வெட்கப்பட்டு, வேறு யாராவது அடிக்கிற தரிப்பில் இறங்கி வீட்டுக்கு நடந்து வருகிற ஆள் நான். இப்படிப்பட்ட எனக்கு ஒரு அகதி வழக்கு இருந்தது. மகளுக்கு ஆறு வயது. நீர்கொழும்பில் அக்காவோடு விட்டுவிட்டு வந்திருந்தேன். வழக்கு வென்றால்தான் அவளைக் கூப்பிடலாம். வெல்வதற்கு ஒரே ஒரு வழி, நடந்ததை நானே என் வாயால் சொல்ல வேண்டும். என் சட்டத்தரணி ஒரு பிரெஞ்சு அம்மா. மொழிபெயர்ப்பாளரையும் வைத்துக்கொண்டு என்னை இரண்டு தரம் பழக்கிப் பார்த்தா. நான் மேசையைப் பார்த்துக்கொண்டு "ம்" என்றேன். அதைப் பிரெஞ்சில் மாற்ற மொழிபெயர்ப்பாளருக்குச் சிரமமே இருக்கவில்லை. இரண்டாம் தரம் முடிந்ததும் அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு, இப்படி இருந்தால் தோற்றுவிடுவோம் என்று சொன்னா. அதற்கும் நான் "ம்" என்றேன்.

வழக்கு மார்ச் மாதம், காலை ஒன்பது மணிக்கு. அண்ணை, அவரை எல்லாரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம், எப்படியோ அறிந்துவிட்டார். அன்றைக்கு மற்ற மூன்று பேரையும் வெள்ளெனக் கொண்டுபோய் விட்டுவிட்டு என் வாசலுக்குத் திரும்பி வந்தார். வழக்குக்குப் போகிற பிள்ளை மெற்றோவுக்குள் நெரிபட்டுப் போய் இறங்கக் கூடாதாம். எப்படி வந்து இறங்குகிறோம் என்பதைப் பார்த்துத்தான் நீதவான் பாதித் தீர்ப்பை எழுதுவாராம். நீதவான் மேல்மாடியில், ஜன்னல் இல்லாத அறையில் இருப்பார் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் யார் அவருக்குச் சொல்ல.

கட்டடத்துக்கு முன்னால் எட்டரைக்கே நிறுத்தினார். நிறுத்தக்கூடாத இடம். எழுதியும் இருந்தது. அரசாங்கத்தின் காருக்கு அது பொருந்தாது என்று நினைத்தாரோ தெரியாது. எந்த மாடி, எந்த அறை என்று விசாரித்துவிட்டு வந்து திறப்பதாகச் சொன்னார். நீங்கள் போய் அங்கே இங்கே கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது, நேரே போய் இருக்க வேண்டும் என்றார். காற்சட்டையை மேலே இழுத்துவிட்டு உள்ளே போனார்.

எட்டு நாற்பது. ஆளைக் காணவில்லை. என் சட்டத்தரணி சப்பாத்தில் உப்புத் தண்ணீர் தெறிக்க ஓடி உள்ளே போனா. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனா. எட்டு நாற்பத்தைந்துக்கு முதல் தடவையாக அந்தக் கதவுப் பிடியை நான் முழுசாக இழுத்தேன். இறுக்கம் ஒன்றும் இல்லை. பிடி நன்றாகத் தளர்ந்து வந்தது, ஒன்றோடும் பொருந்தாமல் வந்தது. திரும்பவும் இழுத்தேன். திரும்பவும் சும்மா வந்தது. கண்ணாடி இறக்குகிற பொத்தானை அமத்தினேன். அசையவில்லை. இடது பக்கத்துக்கு நகர்ந்து போய்ப் பார்த்தேன். அங்கேயும் அதேதான். மாதா படத்துக்குக் கீழே திரையை விலக்கிச் சாளரத்துக்குள் கையை விட்டேன். முழங்கைவரை போனது. அதற்கு மேலே போகவில்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பொலிஸ் காரின் பின் கதவு உள்ளே இருப்பவருக்குத் திறக்காது. திறக்கக் கூடாதென்றுதான் அப்படிச் செய்வார்கள். நாலு பேர், இவ்வளவு மாதம், மரியாதைக்குள் பூட்டுப்பட்டு இருந்திருக்கிறோம்.

உள்ளேயிருந்து திறக்காத கதவுள்ள வாகனத்தில் அதற்கு முன்பும் ஒருமுறை இருந்திருக்கிறேன். அங்கே, ஊரில். என்னையும் என் கணவரையும் அதில் ஏற்றினார்கள். என்னை மட்டும் இறக்கிவிட்டார்கள். அன்றைக்கு ஒன்பது மணிக்கு நான் போய்ச் சொல்ல வேண்டியிருந்த கதை அதுதான்.

முதலில் மோதிரத்தால் கண்ணாடியில் தட்டினேன், அயல் வீட்டில் சீனி கேட்கப் போனவள் மாதிரி. போகிற வருகிற சனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். தேடுவிளக்கு வைத்த வெள்ளைக் கார், நடுவில் தடுப்பு, பின்னால் ஒரு கறுத்த பெண். பார்த்தவர்கள் நடையைக் கூட்டினார்கள். ஒரு தாய் பிள்ளையை மற்றப் பக்கத்துக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டு போனாள். நான் என்ன செய்திருப்பேன் என்று அவள் நினைத்தாளோ, இன்றைக்கும் அறிய ஆசைதான்.

எட்டு ஐம்பத்திரண்டு. எனக்கு மகளின் நினைவு வந்தது. தொலைபேசியில் ஒவ்வொரு ஞாயிறும் "எப்பம்மா?" என்று மட்டும் கேட்பாள். வேறொன்றும் கேட்க மாட்டாள், என்னைப் போல. நான் இரண்டு கையாலும் கண்ணாடியில் அடித்தேன். பிறகு கத்தினேன்.

"கதவைத் திறவுங்கோ! ஆராவது கதவைத் திறவுங்கோ!"

அப்படி ஒரு குரல் என்னிடம் இருந்தது எனக்கே தெரியாது. தமிழில்தான் கத்தினேன். அந்தத் தெருவில் ஒருவருக்கும் விளங்கியிராது. நான் நிறுத்தவில்லை. தொண்டை கிழியக் கிழியக் கத்தினேன்.

கடைசியில் வந்தது தண்டச் சீட்டு எழுதுகிற பெண். எனக்காக வரவில்லை, காருக்காக வந்தாள். இலக்கத்தை எழுதிக்கொண்டே பின் கதவடிக்கு வந்தவள் என்னைக் கண்டாள். ஒரு கையில் புத்தகம் இருந்ததால் மற்றக் கையின் இரண்டு விரலால் வெளியேயிருந்து கதவைத் திறந்தாள். கைக்குட்டை ஒன்றும் தேவைப்படவில்லை. "போன்ஜூர் மடாம்" என்றாள். பிறகு சீட்டு எழுதுவதைத் தொடர்ந்தாள்.

உள்ளே ஓடினேன். கீழ் மண்டபத்தில் தகவல் மேசைக்கு முன்னால் நீண்ட வரிசை. அதில் ஏழாவதோ எட்டாவதோ ஆளாக, தொப்பியைக் கையில் பிடித்தபடி, நான் எந்த அறைக்குப் போக வேண்டும் என்று கேட்பதற்காக அண்ணை நின்றுகொண்டிருந்தார். அறை இலக்கம் என் கையிலிருந்த கடிதத்திலேயே இருந்தது. என்னைக் கண்டதும் வரிசையை விட்டு வெளியே வந்தார்.

"ஆர் பிள்ளை திறந்தது?"

அதுதான் கேட்டார். நான் மின்தூக்கிக்கு ஓடினேன்.

அறைக்குள் போனபோது எனக்கு மூச்சும் வாங்கியது, கத்திக் கத்திக் குரலும் கம்மியிருந்தது. ஆனால் ஒருமுறை திறந்த வாய் மூடவில்லை. முதல் கேள்விக்கே மேசையைப் பார்க்காமல் சொல்லத் தொடங்கினேன். அந்த வாகனத்தைச் சொன்னேன். அதன் கதவைச் சொன்னேன். எத்தனை பேர் இருந்தார்கள், யாரை எங்கே இறக்கினார்கள் என்று சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் இரண்டு தரம் கையைக் காட்டி, "கொஞ்சம் ஆறுதலாச் சொல்லுங்கோ அக்கா, எனக்குப் பிடிக்க ஏலாமக் கிடக்கு" என்றார். என் சட்டத்தரணி எழுதுகிறதை நிறுத்திவிட்டு, வேறு ஆளை அழைத்து வந்துவிட்டோமோ என்பதுபோல என்னைப் பார்த்தா. இரண்டு தரம் பழக்கியும் அவவால் முடியாததை ஒரு கெட்டுப்போன கதவு அரை மணித்தியாலத்தில் முடித்திருந்தது.

மத்தியானத்துக்கு முன்பே ஏற்றுக்கொண்டதாகச் சொல்லிவிட்டார்கள்.

வெளியே வந்தேன். விக்டோரியா இன்னும் அதே இடத்தில் நின்றது. கண்ணாடியில் இப்போது இரண்டு சீட்டு. அண்ணை என்னைக் கண்டதும் கைக்குட்டையை எடுத்தார். பின் கதவைத் துடைத்துத் திறந்து ஒதுங்கி நின்றார். நான் நின்ற இடத்தில் நின்றேன்.

"அண்ணை, நான் முன்னுக்கு இருக்கிறன்."

அவர் என்னைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். தெரிந்தவர்கள் யாரும் இல்லை. பின் கதவை மெல்லச் சாத்தினார். முன் கதவை நானே திறந்தேன். தேநீர்ப் போத்தலை எடுத்துக் காலடியில் வைத்துவிட்டு, அந்தக் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். மொன்றியல் மலைச் சரிவில் கார் ஏறியது. பிறகு தெருவைப் பார்த்தபடியே சொன்னார்.

"கதவு குளிருக்கு இறுகியிருக்கும்."

அந்த நேரத்தில் நான் எதையும் சொல்லியிருக்கலாம். குரலும் இருந்தது, உரிமையும் இருந்தது. அவர் கையைப் பார்த்தேன். கதவு துடைத்த கைக்குட்டை இன்னும் அதற்குள் கசங்கிக்கொண்டிருந்தது.

"ஓம் அண்ணை. இறுகியிருக்கும்" என்றேன்.

அடுத்த நாள் பழையபடி வலது ஓரத்தில் போய் இருந்தேன். மற்ற மூன்று பேருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. வாய்க்காரிக்குச் சொல்லியிருந்தால், இனிக் கதவு திறக்கத் தேவையில்லை என்று அவள் புருஷன் பெரிய விருந்தே வைத்திருப்பார்.

பிறகு ஒருநாள் பூசை முடிந்து கோவில் வாசலில் அவருடைய மனைவி என்னோடு கதைத்தா. காரை வாங்கின கிழமையே கராஜ்காரன் கதவைப் பார்த்துவிட்டு, உள்ளே ஒரு கம்பியைக் கொழுவினால் சரி, பத்து நிமிட வேலை என்று சொன்னானாம். இவர் வேண்டாம் என்றுவிட்டாராம்.  ஏன் என்று அவ தானாகவே சொன்னா.

"ஊரில கச்சேரிக் கந்தோரில இருபத்திரண்டு வருசம் ஐயாமாருக்குக் கதவு திறந்த மனுசன் பிள்ளை. ஒரு ஐயாவும் இவற்ற முகத்தைத் திரும்பிப் பாக்கேல்லை. இஞ்ச நீங்கள் நாலு பேரும் ஒவ்வொரு நாளும் தாங்ஸ் அண்ணை எண்டுறியள். வீட்டை வந்து சொல்லுவார், இண்டைக்கு எட்டுத் தாங்ஸ் எண்டு."

போகும்போது நாலு, வரும்போது நாலு. கணக்குச் சரிதான்.

மகள் வந்து சேர இரண்டு வருடமும் சில மாதங்களும் எடுத்தன. ஜூலை மாதம். விமான நிலையத்துக்கு அண்ணைதான் வந்தார். விக்டோரியாவைக் கழுவி, முன் மூடியில் கலியாண ரிபனும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். வழக்கம்போலக் கைக்குட்டையால் துடைத்துக் கதவைத் திறந்துவிட்டு, "மகள் வலப்பக்கம் இருக்கட்டும்" என்றார். என்னை முதலில் ஏறச் சொன்னார். நான் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு இடது பக்கத்துக்கு நகர்ந்து இருந்தேன். வருகிற வழி முழுக்க அந்தப் பிடியைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். இரண்டு வருடக் காத்திருப்புக்குப் பிறகு என் பிள்ளையும் அதற்குள்தான் வந்து இருக்கிறாள்.

எங்கள் வாசலில் கார் நின்றது. அவர் எஞ்சினை நிறுத்தினார். காற்சட்டையை இழுத்துவிடும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அவர் இறங்கவில்லை. இரண்டு கையையும் ஸ்ரியறிங்கில் வைத்தபடி நேரே பார்த்துக்கொண்டு இருந்தார்.

"மகள், இறங்குங்கோ" என்றார்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் அந்தப் பிடியைப் பார்த்தேன்.  அவள் பிடியை இழுத்தாள். கதவு திறந்தது. கராஜ்காரன் சொன்ன கம்பியைக் கொழுவியாயிற்று. மரத்தடியில் நின்ற அணிலைக் கண்டு குதித்து ஓடினாள். அண்ணை அப்போதும் திரும்பவில்லை. கதவு திறபடும்போது இறங்காமல் இருப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று அந்தப் பின்கழுத்தைப் பார்க்கவே தெரிந்தது. அவருக்கு நான் சொல்ல வேண்டிய தாங்ஸை அன்றைக்குச் சொல்ல மறந்துவிட்டேன். அவரும் அதற்காகக் காத்திருந்த மாதிரித் தெரியவில்லை.

திங்கட்கிழமை வழக்கம்போல வேலைக்குப் போனோம். பண்டகசாலை வாசலில் கார் நின்றது. காலையிலேயே வெயில் கொளுத்தியது. நான் நடுவுக்கு மாறியிருந்தேன். வலது ஓரத்தில் இப்போது வாய்க்காரி. அவள் அவசரத்தில் பிடியில் கை வைத்தாள். அண்ணை காற்சட்டையையும் இழுக்காமல் பின்பக்கத்தால் பாய்ந்து வந்து கண்ணாடிக்கு வெளியே நின்று விரலை ஆட்டினார்.

"கையை எடுங்கோ பிள்ளை. குளிருக்கு இறுகிப்போய் இருக்கு. நான் திறக்கிறன்."

அவள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஓமடி, சரியான குளிர்தான்" என்றேன். "அண்ணை திறக்கட்டும்."